காகிதத்தில் கட்டும் வீடு வீண் செலவா?



சென்ற மாதம் நமது சங்கத்தின் கல்வி உதவிக் குழு கூடியபோது ஒரு மனு வாசிக்கப்பட்டது. நம் அங்கத்தினர் ஒருவரின் மகன் கட்டடக்கலை படிக்க வெளிநாடு செல்ல விரும்புகிறான். அதற்குக் கடன் உதவி வேண்டும் என்பது மனு. மருத்துவத்திற்கும் கணக்காய்வுக்கும் மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம் இதற்கு மட்டும் தயங்கினோம். பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஐந்து வருஷம் காகிதத்திலே வீடு கட்டிவிட்டு வருவான். அந்த வீட்டிலே யாராவது குடியிருக்க முடியுமா? இது விரயமில்லையா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

வீடு திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்திற்று. ஏனெனில், அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வியை எட்டு வருஷங்களுக்கு முன்னால் நான் என் சொந்தத் தங்கையிடம் கேட்டவன். அதன் பிறகு நடந்தவற்றைச் சகோதரர்கள் முன் வைப்பது என் கடமை என்று கருதியே இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் படித்தவனல்லன். காலையில் ஆரம்பப் பள்ளியில் ஆறு வருஷம், மாலையில் மதரஸாவில் ஓதல். அவ்வளவே என் கல்வி. அதன் பிறகு லுக்குட்டில் வாப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்தேன். பல வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே கட்டடக்கலையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை. விரயம் எது, விரயமல்லாதது எது என்பது வியாபாரியின் கேள்வி. அதைப் பற்றிப் பேச நமக்கெல்லாம் தகுதி உண்டு.

தங்கையின் வளையல்

என் தங்கை மகன் சிறு வயதிலிருந்தே பென்சிலும் கையுமாக இருப்பான். இடைநிலைப் பள்ளி முடிந்து மேல்படிப்புக்கான பரீட்சையிலும் நன்றாகத் தேறினான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது. தகப்பனார் இல்லாத பிள்ளை. தாய்மாமன் என்ற முறையில் என்னிடம் வந்தார்கள். "டாக்டருக்குப் படிக்கட்டும், கடையை அடகு வைத்தாவது அனுப்புகிறேன். படம் வரைவதற்கு என்னிடம் காசில்லை" என்று சொல்லிவிட்டேன். தங்கை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறு வாரம் தன் வளையல்களை விற்றாள். மீதிக்கு எங்கெங்கோ கடன் வாங்கினாள். அன்று என் கடையில் அரிசி மூட்டை அடுக்க இடமில்லாத அளவுக்குச் சரக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து விடுமுறைக்கு வந்த பையன் என்னைப் பார்க்கக் கடைக்கு வந்தான். கோபமாக இருப்பான் என்று எண்ணியிருந்தேன். அவனோ சுருள் சுருளாகக் காகிதங்களைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் விரித்தான். "மாமா, இதெல்லாம் நான் கட்டியது" என்றான். "எங்கே கட்டினாய்?" என்றேன். "எங்கேயும் இல்லை" என்று சிரித்தான்.

அவன் சொல்லித்தான் அந்தப் படிப்பின் முறை எனக்குத் தெரிந்தது. ஸ்டூடியோ என்று ஒரு கூடம். அங்கே ஆசிரியர் பாடம் நடத்துவதைவிட ஒரு பிரச்சினையைக் கொடுப்பதுதான் அதிகம். இன்ன நிலம், இந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் மழை, இன்னின்னார் அங்கே வாழப் போகிறார்கள், அவர்களுக்கு ஒரு வீடோ நூலகமோ பள்ளிக்கூடமோ வரைந்து வா என்பார். மாணவன் வாரக்கணக்கில் வரைவான், அழிப்பான், அட்டையில் சிறு உருவம் செய்து பார்ப்பான். குறித்த நாளில் எல்லாவற்றையும் சுவரில் மாட்டிவிட்டு அருகில் நிற்க வேண்டும். ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்களும் சக மாணவர்கள் முன்னிலையில் கேள்வி கேட்பார்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். பிறகு அந்தத் தாள்கள் சுருட்டி வைக்கப்படும். அடுத்த பிரச்சினை தொடங்கும்.

முதல் வருஷத்தில் அவனுக்குக் கொடுத்தது, ஒரு வயதான பாட்டியோடு ஆறு பேர் உள்ள குடும்பத்திற்கு வீடு. நிலம் குறுகலானது. ஆகவே பாட்டிக்கு மாடியில், வெயில் விழும் நல்ல அறையைக் கொடுத்தான். அழகாக வளைந்து ஏறும் படி ஒன்றையும் வரைந்தான். எல்லோரும் பாராட்டுவார்கள் என்று நின்றபோது, ஒரு பெண் ஆசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "பாட்டிக்கு நெஞ்சு வலி வந்தால், ஸ்ட்ரெச்சர் இந்தப் படியில் எப்படித் திரும்பும்?" அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவே படம் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

அந்த மாடிப்படி

அவன் இதைச் சொன்னபோது என் உடல் சிலிர்த்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் எங்கள் வட்டாரத்தில் ஒரு மௌத்து. பல வருஷம் தோட்டத்தில் லாரி ஓட்டிய நம்மவர் ஒருவர். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனவர். எந்த மாடி, யார் கட்டியது என்ற விவரம் இங்கே வேண்டாம். குளிப்பாட்டி, கஃபனிட்டு, சந்தூக்கை மேலே ஏற்றப் பார்த்தோம். படி திரும்பும் இடத்தில் அது திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தோம், தூக்கிப் பார்த்தோம், முடியவில்லை. கடைசியில் சந்தூக்கைக் கீழே வைத்துவிட்டு, மய்யித்தை நான்கு பேர் கைகளில் ஏந்திக்கொண்டு மூன்று மாடி இறங்கினோம். நான் காலடியில் பிடித்திருந்தேன். தலைமாட்டில் அவருடைய மகன். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்துவிடக் கூடாதே என்று அவன் அழுதுகொண்டே சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்தப் படியை வரைந்தவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மனிதர் ஏறுவார்கள், இறங்குவார்கள் என்று எண்ணி வரைந்திருப்பார். அந்த வீட்டில் ஒருவர் மரிப்பார் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவர் காகிதத்தில் வரைந்த காலத்தில் யாராவது ஒருவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், அழிப்பதற்கு ஒரு ரப்பர் போதும். இப்போது அழிக்க முடியாது. அங்கே குடியிருப்போர் எல்லோரும், அந்தக் கட்டடம் நிற்கும் வரை, அந்தத் தவற்றுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறுகளும் உண்டு. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி சிலாங்கூரில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடியின் ஒரு கட்டடம், பின்னாலிருந்த மலைச்சரிவு மழையில் சரிந்ததால் சாய்ந்து விழுந்து 48 உயிர்கள் போனதை நாம் அறிவோம். பின்னர் நடந்த வழக்கில் பொறுப்பாளிகள் என்று கோர்ட்டார் கண்டவர்களில், வரைபடம் வரைந்தவரும் ஒருவர். நீர் எந்தப் பக்கம் ஓடும், மண் எதைத் தாங்கும் என்ற கேள்விகளும் முதலில் காகிதத்தில்தான் கேட்கப்பட வேண்டியவை.

என் வாப்பா என்னைக் கடையில் சேர்த்த புதிதில் ஒரு மாதம் வரை சீனியைத் தொட விடவில்லை. ஒரு வாளியில் மணலைக் கொட்டி வைத்து, அதை அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டச் சொன்னார்கள். மாலையில் பொட்டலங்களைப் பிரித்து மீண்டும் நிறுத்துப் பார்ப்பார்கள். குறைந்தால் ஏச்சு, கூடினாலும் ஏச்சு. பிறகு மணல் வாளிக்கே திரும்பும். நாளைக்கும் அதே மணல். ஒரு பொட்டலமாவது விற்றதுண்டா? இல்லை. அந்த ஒரு மாத உழைப்பும் காகிதமும் விரயமா? வாடிக்கையாளரின் சீனியில் நான் தவறு செய்யாமலிருக்க வாப்பா கொடுத்த விலை அது. ஸ்டூடியோ என்பது அந்த மணல் வாளிதான் என்று எனக்கு அன்று விளங்கிற்று.

உட்கார்ந்து பார்ப்பது

அந்தப் படிப்பில் இன்னொரு பகுதி எனக்கு மேலும் வேடிக்கையாகத் தோன்றிற்று. மாணவர்களைக் கூட்டமாக வேறு ஊருக்கும் வேறு தேசத்துக்கும் அழைத்துச் சென்று, தெருவில் உட்கார வைத்துப் படம் வரையச் சொல்வார்களாம். "கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் படம் பிடிக்கலாமே, அதற்கு விமான டிக்கெட் எடுத்துப் போய்ப் பென்சிலால் வரைவானேன்?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு எதிர்ச் சாரியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணி நேரம் வரைந்தான். பிறகு என்னிடம் வந்து, "மாமா, கடைத் தூணில் இடது பக்கம் மட்டும் சாயம் தேய்ந்திருக்கிறதே, ஏன்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. "கிழவிகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அஞ்சடியில் ஏறுகிறார்கள். நான் வரைந்துகொண்டிருந்தபோது ஏழு பேர் அப்படி ஏறினார்கள். படி அவர்களுக்கு உயரம்" என்றான்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. இரண்டு மணி நேரத்தில் அவன் கண்டான். புகைப்படத்தில் தூண் இருக்கும், தேய்மானமும் இருக்கும். ஆனால் கை ஒவ்வொரு கோடாக இழுக்கும்போதுதான் 'இது ஏன் இப்படி?' என்று மனம் கேட்கிறது. அடுத்த வாரமே கொத்தனாரை அழைத்துப் பாதி உயரத்தில் ஒரு படி வைத்தேன். சிமெண்டும் கூலியும் சேர்ந்து நூறு வெள்ளிக்குள் முடிந்தது.

பெரிய கலைஞர்கள் இவ்விதமே கற்றிருக்கிறார்கள். துருக்கியின் மகா நிபுணர் சினான் எந்தக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவரல்லர். சுல்தானின் படையில் சேர்ந்து, பெல்கிரேடு முதல் பாக்தாத் வரை சென்ற இடமெல்லாம் பாலங்களையும் கோட்டைகளையும் பள்ளிவாசல்களையும் கண்ணால் கற்று, ஏறக்குறைய ஐம்பது வயதில்தான் தலைமைக் கட்டடக் கலைஞரானார். இஸ்தான்புல்லில் சுலைமானியா பள்ளிவாசல் 1557-இல் முடிந்தது. எதிர்னேயில் செலிமியா 1575-இல். சுவிட்சர்லாந்தில் பிறந்து பிற்காலத்தில் லெ கொர்பூசியே என்று பேர் பெற்றவர், 1911-இல் இருபத்து மூன்று வயது வாலிபராகப் பால்கன் நாடுகள் வழியே இஸ்தான்புல்லுக்குப் பயணம் செய்து, அங்கே பல வாரங்கள் தங்கிப் பள்ளிவாசல்களையும் மர வீடுகளையும் நோட்டுப் புத்தகங்களில் வரைந்தார். பிற்காலத்தில் இந்தியாவில் சண்டிகர் நகரை அமைக்க அழைக்கப்பட்டவர் அவரே. முந்நூற்று ஐம்பது வருஷம் முன்னால் சினான் கட்டியதை உட்கார்ந்து வரைந்த ஒரு அந்நிய வாலிபன், அதிலிருந்து பாடம் கற்றான்.

சீமைப் படிப்பும் சொந்த மண்ணும்

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபந்தான். வெளிநாட்டில் படித்தவன் வெளிநாட்டு மாதிரியையே இங்கே கொண்டுவந்து நட்டுவிட மாட்டானா? அப்படியும் நடந்திருக்கிறது. கோலாலம்பூரில் 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமது கட்டடத்தையும், 1909-இல் ஆர்தர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர் அமைத்த ஜாமிஉ பள்ளிவாசலையும் பாருங்கள். வட இந்தியக் குவிமாடங்களை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவை அழகானவைதாம். ஆனால் அவற்றைப் பார்த்துப் பழகிய நாம், குவிமாடம் இல்லாவிட்டால் அது பள்ளிவாசலே அல்ல என்று எண்ணத் தொடங்கிவிட்டோம்.

நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 1748-இல் இந்திய முஸ்லிம் வியாபாரிகள் மரத்தால் எழுப்பி, 1872-இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது அது. அதற்குக் குவிமாடம் கிடையாது. சுமத்ரா முறையில் அடுக்கடுக்காகச் சரியும் கூரை, சீனப் பகோடா போன்ற மினாரா, சீமையிலிருந்து வந்த பளபளப்பான ஓடுகள். கீழக்கரையில் பழைய ஜும்ஆப் பள்ளியின் கருங்கல் தூண்களைப் பாருங்கள். கல் தச்சர் நாட்டில் கல்லால் கட்டினார்கள். மழை கொட்டும் மலாக்காவுக்கு வந்தபோது, தங்கள் ஊர்த் தூண்களைக் கொண்டுவந்து நடாமல் இந்த மண்ணின் கூரையைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களும் வெளிநாட்டுக்கு வந்த மாணவர்களே அல்லவா?

நம் மாநிலத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. லுக்குட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் சிரம்பானில், ஏரிப் பூங்கா அருகே உள்ள மாநிலப் பள்ளிவாசலில் நம்மில் தொழாதவர் குறைவு. 1967-இல் கட்டி முடிக்கப்பட்டது. நெகிரி செம்பிலான் என்றால் ஒன்பது நாடுகள் என்று பொருள். அந்த ஒன்பதுக்கும் ஒன்பது தூண்கள். அவற்றின் மேல் மினாங்கபாவ் வீட்டின் கொம்புக் கூரையை நினைவூட்டும்படி காங்கிரீட் வளைந்து எழுகிறது. அதை வடிவமைத்தது மலாயன் ஆர்க்கிடெக்ட்ஸ் கோ-பார்ட்னர்ஷிப் என்ற நிறுவனம். 1960-இல் அதைத் தொடங்கியவர்கள் லிம் சொங் கியாட், சென் வூன் பீ, வில்லியம் லிம் என்ற மூன்று இளைஞர்கள். முதலாமவர் மான்செஸ்டரிலும் பிறகு அமெரிக்காவிலும் படித்தவர். மற்ற இருவரும் லண்டனில் கட்டடக்கலைச் சங்கத்தின் பள்ளியில் படித்தவர்கள்.

மூவரும் சீனர், நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். தொழாத ஒருவர் தொழுகைக்கு இடம் வரைவது எப்படி? வரிசை எப்படி நிற்கும், இமாமின் குரல் எதுவரை கேட்க வேண்டும், உளூச் செய்துவிட்டு ஈரக் காலோடு எந்த வழியாக வருவார்கள், ஜும்ஆ முடிந்து ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் எப்படி வெளியேறுவார்கள் என்பதையெல்லாம் கேட்டும் பார்த்தும் அறிந்தே ஆகவேண்டும். தனக்கு வேண்டியதை மட்டும் அறிந்தவனால் அது முடியாது. பிறருடைய தேவையைத் தன் தேவையாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஸ்டூடியோவில் ஐந்து வருஷமும் கற்பிப்பது இந்தப் பழக்கத்தையே என்பது என் அபிப்பிராயம். நமக்கும் இது புதிதல்ல. என் கடையில் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னே எண்ணெயும் மாவும் வந்து இறங்க வேண்டும்; சீனப் புத்தாண்டுக்கு முன் ஆரஞ்சுப் பெட்டி வந்துவிட வேண்டும். தன் பெருநாளை மட்டும் அறிந்த கடைக்காரன் இந்த நாட்டில் பிழைக்க முடியுமா?

இலங்கையின் ஜெஃப்ரி பாவாவையும் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் வழிப் பாட்டனார் முஸ்லிம். பாவா 1919-இல் பிறந்தவர். முதலில் சீமையில் சட்டம் படித்து வக்கீலானார்; மனம் அதில் ஒட்டவில்லை. மறுபடியும் லண்டன் சென்று, தன்னைவிட மிக இளைய மாணவர்களோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, 1957-இல் முப்பத்தெட்டாம் வயதில் கட்டடக் கலைஞராகத் தேறினார். திரும்பி வந்து லண்டனைக் கொழும்பில் கட்டவில்லை. ஓட்டுக் கூரை, நடுமுற்றம், நீண்ட தாழ்வாரம் என்று தன் நாட்டு வீடுகளின் குணங்களையே எடுத்தாண்டார். கோட்டேயில் ஏரி நடுவே 1982-இல் முடிந்த பாராளுமன்றக் கட்டடம் அவருடையது. 2001-இல் ஆகாகான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இதனால் வெளிநாடு போனால்தான் கலை வரும் என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீ மெனாந்தியில் பழைய அரண்மனையைக் கட்டிய தச்சர்கள் கஹாரும் தாயிபும் எந்தச் சீமைக்கும் போனவர்களல்லர். 1902-இல் தொடங்கி 1908-இல் முடிந்த அந்த நான்கு அடுக்கு மர மாளிகை, தொண்ணூற்றொன்பது தூண்களோடு, ஓர் இரும்பு ஆணியும் இல்லாமல் நிற்கிறது. இன்று நம் நாட்டிலேயே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன; அங்கேயும் மாணவர்கள் பழைய வீடுகளையும் பள்ளிவாசல்களையும் அளந்து வரைகிறார்கள். இங்கேயே இடமும் ஆசிரியரும் கிடைப்பவன் இங்கேயே படிக்கட்டும். ஆனால் வெளியூர் போனவனுக்கு ஒரு தனி லாபம் உண்டு. அங்கே அவன் அந்நியன். எதுவும் பழகியதாக இராது. ஆகவே எல்லாவற்றையும் பார்ப்பான். திரும்பி வரும்போது அந்தக் கண்ணோடு வந்தால், பழகிப்போய் நாம் பார்க்காமல் விட்ட தூணையும் பார்ப்பான்.

கொடுப்பவரும் வாங்குபவரும்

இப்போது நம் குழுவின் முன்னுள்ள மனுவுக்கு வருகிறேன். விரயம் என்பது எது? செலவு செய்த பிறகு யாருக்கும் ஒரு நன்மையும் மிஞ்சாதது விரயம். நம் கலியாணங்களில் ஒரு பகல் நின்றுவிட்டு மாலையில் அவிழும் பந்தலுக்கும் அலங்காரத்துக்கும் ஆகும் தொகையை யாரும் விரயம் என்று நம் கூட்டத்தில் எழுந்து சொல்வதில்லை. ஒரு பையன் தவறு செய்யாமலிருக்கப் பழகும் காகிதத்தை மட்டும் விரயம் என்கிறோம். தராசை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிறுப்பது போலல்லவா இது?

எனினும் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். பணம் சங்கத்தின் அமானிதம். ஆகவே மூன்று விஷயங்களைக் குழு கவனிக்க வேண்டும்.

முதலாவது, பையன் சேரும் கல்லூரியின் பட்டத்தை நம் நாட்டின் கட்டடக் கலைஞர் வாரியம், அதாவது லெம்பாகா ஆர்கிடெக் மலேசியா, ஏற்றுக்கொள்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டின் சட்டப்படி அந்த வாரியத்தில் பதிவு பெற்றவரே கட்டடக் கலைஞர் என்று பெயர் போட்டுத் தொழில் செய்யலாம். முதல் பட்டத்தோடு வேலை முடிவதில்லை. அதன் மேல் இரண்டாம் படிப்பு, பிறகு தொழில் அனுபவம், பிறகு ஒரு பரீட்சை என்று படிகள் உண்டு. பாதிப் படியில் பணம் தீர்ந்து நிற்கும்படி விடக்கூடாது. எத்தனை வருஷம், எவ்வளவு தொகை என்று முதலிலேயே முழுக் கணக்கும் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, இது கடனாகவே இருக்கட்டும். சாட்சிகளோடு எழுதப்பட்டு, வேலை கிடைத்த பின் சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும். இதில் இருவருக்கும் கௌரவம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு விடுமுறையிலும் அந்தப் பையன் நம் ஊரில் ஓர் இடத்தை உட்கார்ந்து அளந்து வரைந்து, அந்தப் படத்தைச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். லுக்குட்டில் 1847-இல் ராஜா ஜுமாஅத் கட்டிய கோட்டை மேடு இருக்கிறது. அகழியும் கிணறும் இருக்கின்றன. ஆனால் நான் அதைவிட நினைப்பது மற்ற இடங்களை. பால்மரம் வெட்டிச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டுமனைகள் வருகின்றன. தோட்டத்து லயங்களும், அங்கேயிருந்த சிறு சுராவ்களும், பழைய கடை வீடுகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன. எந்தப் பக்கம் மழை அடிக்கும் என்று அறிந்து, அங்கே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து, அதன் கீழே அடுப்பு வைத்த தாய்மார்கள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் அறிந்ததை யாராவது ஒருவன் வரைந்து வைக்க வேண்டாமா? நாளை அவன் அடுக்குமாடி வரையும்போது அந்தத் தாய்மாரில் ஒருவர் மூன்றாம் மாடியில் இருப்பார் என்பதை மறக்காமலிருக்க அது உதவும்.

வாங்குபவனுக்கும் ஒரு வார்த்தை. மகனே, உன் படத்தை ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்லும்போது முகம் சுளிக்காதே. காகிதத்தில் கேட்கும் ஏச்சு மலிவானது. கட்டிய பிறகு வருவது ஏச்சாக இராது. பிறருடைய கண்ணீராக இருக்கும்.

முடிவாக

என் தங்கை மகன் படிப்பை முடித்துவிட்டான். இப்போது கோலாலம்பூரில் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலையிலிருந்துகொண்டு, அடுத்த பரீட்சைக்குத் தயார் செய்கிறான். முதல் சம்பளத்தில் தாயாருக்கு இரண்டு வளையல் வாங்கிக் கொடுத்தான். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. அந்த வளையல்களை விற்கவிடாமல் தடுத்திருக்க வேண்டியவன் நான்.

சென்ற மாதக் கூட்டம் முடிந்த மறு வெள்ளிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். "அன்று நான் செய்தது பிழை, மன்னித்துக்கொள்" என்றேன். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காக்கா, எனக்கு வளையல் போனது வருத்தமில்லை. அவன் வரைந்த ஒரு படத்தையாவது நீங்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருக்கலாம், அதுதான் வருத்தம்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பார்க்காமலே மதிப்புப் போட்டவன் நான். எந்தச் சரக்கையும் நான் அப்படி வாங்கியதில்லை.

ஆகவே சகோதரர்களே, அடுத்த கூட்டத்திற்கு அந்தப் பையனை அவன் வரைந்த படங்களோடு வரச் சொல்லுங்கள். முதலில் பார்ப்போம். கேள்வி கேட்போம், படியில் சந்தூக்கு எப்படித் திரும்பும் என்று நானே கேட்கிறேன். பதில் சொல்லத் தெரியாமல் நின்றாலும் பாதகமில்லை; கேட்டதும் ரப்பரை எடுக்கிறானா என்று கவனிப்போம். அதன் பிறகு முடிவு செய்வோம்.

பிறருடைய தேவையை அறியும் கண்ணை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

— ஒரு மளிகைக் கடைக்காரர், லுக்குட்